உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கும் சிஸ்டருக்கும் வலிக்கும் இடம்

போர்க்களத்தில் பிறந்த கருத்து

மருத்துவப் பணியாளர்களின் மனசாட்சியில் படும் அடியை இப்போது ‘அறக்காயம்’ என்கிறார்கள். இந்தக் கருத்து ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, யுத்தத்தில் பிறந்தது. பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்குச் சிகிச்சை அளித்துவந்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் கதைகளைக் கேட்கக் கேட்க, ஹோமரின் இலியட் காவியத்தைக் கையில் எடுத்தார். அக்கிலிஸ் சண்டையை விட்டு ஒதுங்கிக் கூடாரத்தில் போய் உட்கார்ந்தது எதிரிக்குப் பயந்து அல்லவே. சொந்தத் தளபதி அகமெம்னான் செய்த அநியாயத்தால்தானே! 1994இல் வெளிவந்த ‘அக்கிலிஸ் இன் வியட்நாம்’ நூலில் ஷே சொன்னது இதுதான்: உயிர் ஊசலாடும் நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் கைவிட்டால் கீழே இருப்பவருக்கு ஆறாத காயம் உண்டாகிறது. 2009இல் பிரெட் லிட்ஸ் குழுவினர் இதை விரித்தார்கள். தவறைத் தானே செய்வது, தடுக்க முடியாமல் போவது, கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாமே காயப்படுத்தும் என்றார்கள். இரவு டூட்டி பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் கடைசி வகைக்கு ஓர் உதாரணம் வைத்திருப்பார்.

நர்ஸ்கள் முந்திக்கொண்டார்கள்

ஷேவின் புத்தகத்துக்குப் பத்து வருஷம் முன்பே, 1984இல், தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் நர்ஸ்களின் பணி அறம் பற்றி எழுதிய நூலில் இதற்கு நெருங்கிய உறவான ஒன்றைச் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியது எது என்று நர்ஸுக்குத் தெரிகிறது. செய்யவிடாமல் நிறுவனம் கையைக் கட்டிப் போடுகிறது. டாக்டர்கள் இதையே தங்கள் பிரச்சினையாக உரக்கப் பேச இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. (சிஸ்டர் சொன்னபோது யார் காதில் விழுந்தது?)

யோகா வகுப்பு எதற்கு?

வேலைப் பளுவால் ஆள் எரிந்து கரிந்து போவதைப் பற்றி 1974இல் முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்த உளவியலாளர். அதை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை; 2019இல் ஏற்கப்பட்ட நோய்ப் பட்டியலில் ‘வேலை சார்ந்த நிகழ்வு’ என்றுதான் சேர்த்தது.

2018இல் அமெரிக்க மருத்துவர்கள் வெண்டி டீனும் சைமன் டால்பட்டும் வேறு விதமாகக் கேட்டார்கள். சோர்வு என்று சொன்னால் குறை சோர்ந்தவரிடம் இருப்பதாக ஆகிவிடுகிறது. அவருக்குத் தெம்பு போதவில்லை, லீவு கொடு, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடு என்று முடித்துவிடலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்ததால் தேவையான சிகிச்சையைக் கொடுக்க முடியாத டாக்டருக்குத் தெம்பு கூடி என்ன பிரயோஜனம்? காயத்துக்குக் காரணம் அவருக்கு வெளியே இருக்கிறது என்றார்கள் இருவரும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா அலுப்பும் அறக்காயம் ஆகாது. தூக்கம் போதாமல் எரிந்துவிழுவது வேறு, செய்யக் கூடாததைச் செய்ய நேர்ந்த பிறகு தூக்கம் போவது வேறு. முன்னதற்கு லீவு உதவும்.

ஏழு பேர் கொண்ட ‘கடவுள் குழு’

டயாலிசிஸ் இன்று ஜில்லா ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டது. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அது அதிசயம். டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் டெஃப்ளான் குழாய் ஒன்றை நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான், சிறுநீரகம் முழுவதும் செயலிழந்தவர்களை மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் வாழவைக்க முடிந்தது. மெஷின்கள் சில. சாகக் காத்திருந்தவர்கள் பலர்.

யாருக்குக் கொடுப்பது? டாக்டர்கள் மருத்துவ ரீதியில் தகுதியானவர்களை வடிகட்டிவிட்டு, மிச்ச முடிவை ஊரார் குழு ஒன்றிடம் விட்டார்கள். ஏழு பேர். பாதிரியார், வக்கீல், குடும்பத் தலைவி, பாங்க் அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர். பெயர்கள் ரகசியம். நோயாளிக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சம்பாதிக்கிறார், சர்ச்சுக்குப் போகிறாரா என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் ஷானா அலெக்ஸாண்டர் ‘லைஃப்’ பத்திரிகையில் எழுதியபோது நாடே திடுக்கிட்டது. கடவுள் குழு என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

சர்ச்சுக்குப் போகிறவன் பிழைக்கலாம் என்ற கணக்கு கேவலமானது, சந்தேகமே இல்லை. ஆனாலும் ஸ்கிரிப்னரின் சங்கடத்தில் ஒரு நியாயம் இருந்தது. படுக்கை ஓரம் நிற்கிறவன் கையாலேயே “உனக்கு இல்லை” என்று சொல்லவைக்கக் கூடாது. கேள்வி ஒழிந்தது குழுவின் ஞானத்தால் அல்ல, பணத்தால். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவை மெடிகேர் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

அதே யோசனை, இத்தாலியில்

2020 மார்ச் 6. வடக்கு இத்தாலியில் ஐ.சி.யூ. படுக்கைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. அந்நாட்டு மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தேவைப்பட்டால் வயது வரம்பு வைக்கலாம் என்று அதில் இருந்ததைத்தான் உலகப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. தன் நோக்கங்களில் ஒன்றாக அது எழுதியிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை: முடிவெடுக்கும் சுமையில் ஒரு பங்கை டாக்டரின் தோளிலிருந்து இறக்கிவைப்பது.

தன் கையே கொன்றது

வியன்னா பொது மருத்துவமனையில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன கதை தெரிந்ததுதான். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களால்தான் தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்தார்கள். அவரைக் கேலி செய்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்போம். நம்பியவர்களில் ஒருவரின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜெர்மனியின் கீல் நகரப் பிரசவ மருத்துவப் பேராசிரியர் குஸ்தாவ் மிகாயெலிஸ், செம்மல்வைஸின் முறையைக் கேள்விப்பட்டவுடன் தன் மருத்துவமனையில் அமல்படுத்தினார். சாவுகள் குறைந்தன. குறைந்ததே அவருக்குச் சாட்சியம் ஆகிவிட்டது. தான் பிரசவம் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி அதே ஜன்னியில் இறந்திருந்தாள். அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை; 1848இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கேலி செய்த பேராசிரியர்கள் நிம்மதியாக ஓய்வு பெற்றார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். இந்தக் காயம் மனசாட்சி உள்ளவரைத்தான் தேடிப் போகிறது.

இரண்டாவது பலி

சிகிச்சையில் தவறு நேர்ந்தால் முதல் பலி நோயாளி. அதைச் செய்த டாக்டரோ நர்ஸோ இரண்டாவது பலி என்று 2000இல் பி.எம்.ஜே. இதழில் எழுதினார் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் வூ. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர்கள் கோபமும் நியாயமே.

லெஸ்டர் வழக்கு

2011 பிப்ரவரி 18. இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவர் ஹடிசா பாவா-கார்பா டூட்டியில் இருந்தார். பிரசவ விடுப்பு முடிந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. வழிகாட்ட வேண்டிய சீனியர் அன்று வேறு ஊரில் பாடம் எடுக்கப் போயிருந்தார். கம்ப்யூட்டர் பல மணி நேரம் படுத்துவிட்டதால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்து சேரவில்லை. ஆள் பற்றாக்குறையில் மற்றவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அன்றிரவு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ரத்தத்தில் கிருமி பரவி இறந்தான். அவனுக்கு வந்திருப்பது எவ்வளவு கடுமையானது என்பதை அவர் உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை. இதயம் நின்றபோது, உயிர்மீட்பு வேண்டாம் என்று குறிப்பு இருந்த வேறொரு குழந்தை என்று நினைத்து உயிர்மீட்பு முயற்சியைக் கொஞ்ச நேரம் நிறுத்தவும் சொல்லிவிட்டார்.

2015இல் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. மருத்துவத் தீர்ப்பாயம் ஓராண்டு தொழில் தடை விதித்தது. அது போதாது என்று மருத்துவ கவுன்சிலே மேல்முறையீடு செய்து, 2018 ஜனவரியில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவைத்தது. டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். வழக்குச் செலவுக்கு 3 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. தங்கள் தவறுகளை மனம் திறந்து எழுதிவைக்கும் பயிற்சிக் குறிப்புகளே நாளைக்குத் தங்களுக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம் மட்டும் இளம் டாக்டர்களிடம் தங்கிவிட்டது.

அதே வழக்கில் அதே குற்றத்துக்கு ஒரு நர்ஸும் தண்டிக்கப்பட்டார். அன்றைக்கு ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவர். 2016இல் அவர் பெயர் நர்சிங் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவருக்காக அப்படியொரு அலை எழும்பவில்லை.

நல்ல வார்டில் தவறு அதிகம்!

ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். ஒற்றுமையாகவும் நன்றாகவும் நடக்கும் வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. குழம்பிப்போய்த் தோண்டிப் பார்த்தால், அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, தைரியமாகச் சொல்கிறார்கள். தலைமை நர்ஸைப் பார்த்து நடுங்கும் வார்டில் ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும்.

விதி சொல்கிறது, மெமோ வருகிறது

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் ஒன்று: சக மருத்துவர்களின் ஊழலையும் நெறிகெட்ட செயலையும் பயமோ தயவோ பாராமல் ஒரு மருத்துவர் வெளிப்படுத்த வேண்டும். இன்னொன்று: நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது. ஆக 2002 விதியே தொடர்ந்தது.

நடைமுறை? டாக்டர்கள் அருண் காத்ரேவும் அபய் சுக்லாவும் நாடு முழுவதும் 78 டாக்டர்களிடம் பேசினார்கள். 2016இல் ‘டிஸ்ஸென்டிங் டயக்னோசிஸ்’ என்ற புத்தகமாக வந்தது. அனுப்பிவைக்கும் நோயாளிக்கு ‘கட்’, தேவையில்லாத ஸ்கேன், ஓ.பி.க்கு வருபவர்களில் இத்தனை பேரை ஆபரேஷனுக்கு மாற்ற வேண்டும் என்ற டார்கெட் என்று உள்ளே இருந்தவர்களே சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டார்கெட் கிடையாது; அங்கே வாயைத் திறந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ. தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கும் எவருக்கும் அந்த எண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது.

கமிஷனைக் கவரில் வாங்கிக் கணக்குப் பார்க்கிறவருக்கு அறக்காயம் வராது. அவர் மேஜைக்கு எதிரே நின்று “இந்த டெஸ்ட் எதுக்கு சார்?” என்று கேட்க முடியாமல் ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியனுக்கு வரும்.

மூன்றாவது கொள்கை

2002இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து தொழில்நெறிச் சாசனம் ஒன்றை எழுதின. ஒரே சமயத்தில் இரண்டு பெரிய மருத்துவ இதழ்களில் வந்தது. அடிப்படைக் கொள்கைகள் மூன்று: நோயாளியின் நலனே முதன்மை, நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பு, சமூக நீதி. மூன்றாவதை ஓர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தனியாக எப்படி நிறைவேற்றுவார் என்று சாசனத்தில் இல்லை.

கீழ்ப்பாக்கம் வரிசை

2021 ஏப்ரல் கடைசி. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் விற்பனை மையம் திறந்தது. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும்கூட ஆட்கள் கையில் சீட்டுடன் வந்து இரவெல்லாம் பிளாட்பாரத்தில் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியது. அங்கேயும் அதே கதை. பிறகுதான் அரசு நேரடியாக ஆஸ்பத்திரிகளுக்கே கொடுக்கத் தொடங்கியது.

இதில் கசப்பான சங்கதி ஒன்று உண்டு. அந்த மருந்து சாவைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றிருந்தது. சீட்டு எழுதிய டாக்டர்களில் பலருக்கு இது தெரியும். எழுதாவிட்டால் “எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் சார் எழுத மாட்டேங்கிறீங்க?” என்று கேட்கும் மகனுக்கு என்ன பதில் சொல்வது? எழுதினால் அந்த மகன் அப்பாவின் பக்கத்தில் இருக்க வேண்டிய கடைசி ராத்திரியைக் கியூவில் கழிப்பான். எதைச் செய்தாலும் தப்பாகப்படும் இடத்தில் ஆளை நிறுத்தினால் பயிற்சியும் படிப்பும் கைகொடுப்பதில்லை. அந்த மாதங்களில் அப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்தினோம்.

வேலங்காடு

ஓர் ஆண்டு முன்பு, 2020 ஏப்ரல் 19. கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை முதலில் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காட்டுக்குப் போனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, உடன் வந்தவர்களுக்கு ரத்தக் காயம். சக டாக்டர் ஒருவர் உடலோடு திரும்ப வந்து, வார்டு பையன்கள் இருவருடன் சேர்ந்து மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். போலீஸ் காவல் நின்றது.

சட்டங்கள் பறந்து வந்தன. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீன் கிடைக்காது, ஏழாண்டு வரை சிறை என்று மத்திய அரசு மூன்றாவது நாளே அவசரச் சட்டம் போட்டது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசும் அதே மாதத்தில் போட்டது. டாக்டர்களைத் தாக்குவதற்கு எதிரான தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதலே இருக்கிறது. அது 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்படுவதைத் தடுக்கவில்லை. ஹெர்குலிஸ் இறப்பதற்குச் சில வாரம் முன்புதான், மாடியில் நின்று கைதட்டி, தட்டு தட்டி, விளக்கேற்றிய சமாசாரமும் நடந்தது. எல்லாம் ஒரே ஜனங்கள்தான்.

போலீஸ் கேட்கும் சான்றிதழ்

தென்னாப்பிரிக்க விடுதலைத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ 1977இல் போலீஸ் காவலில் இறந்தார். அவரைப் பரிசோதித்த அரசு மருத்துவர்களில் ஐவர் லாங் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று சான்று கொடுத்தார். பெஞ்சமின் டக்கர், சுயநினைவு மங்கிக்கொண்டிருந்த பீக்கோவை ஜீப்பின் பின்புறத்தில் போட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக ஆட்சேபிக்கவில்லை. மருத்துவ கவுன்சில் முதலில் கண்டுகொள்ளவில்லை. சில டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பிறகே 1985இல் டக்கரின் பெயர் நீக்கப்பட்டது.

அதே 1985இல், பீக்கோ அடைக்கப்பட்டிருந்த போர்ட் எலிசபெத் நகரில், அதே ஐவர் லாங்கின் கீழ் வேலைக்குச் சேர்ந்திருந்தார் வெண்டி ஓர் என்ற இளம் மருத்துவர். சிறையில் கைதிகள் பலரின் உடம்பில் தடியடித் தழும்பு. கேஸ் ஷீட்டில் எழுதி எழுதி வைத்தார். மேலே ஒருவரும் அசையவில்லை. நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ப் போலீஸ் சித்திரவதைக்குத் தடை வாங்கினார். பரிசாக, சிறைப்பக்கமே வரக் கூடாது என்று வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். பின்னாளில் உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் ஆணையர் ஆனார்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் ரிமாண்டுக்குப் போகும் முன் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று வாங்கப்பட்டது. இருவரும் சில நாட்களில் இறந்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ் நிற்க, தனியாக டூட்டி பார்க்கிற டாக்டர் அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் உண்டு. எழுதிய பிறகு அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வழி செய்வது யார் பொறுப்பு என்பதற்கு இல்லை.

வன்னியின் மருத்துவர்கள்

2009 தொடக்கத்தில் இலங்கையின் வன்னிப் போர் முனையில் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்ற அரசு மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை பலமுறை ஷெல் அடிக்கு உள்ளானதாக ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. புதுமாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால் என்று பள்ளிக்கூடங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் ஆஸ்பத்திரி நகர்ந்துகொண்டே போனது. மயக்க மருந்தும் ரத்தமும் போதவில்லை. யாரை முதலில் மேஜையில் ஏற்றுவது என்பதை ஒவ்வொரு நாளும் முடிவு செய்தார்கள். தொலைபேசியில் வெளியுலகத்துக்குச் சாவு எண்ணிக்கையைச் சொன்னதும் அவர்கள்தான்.

மே நடுவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் ஐந்து மருத்துவர்கள் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டு, தாங்கள் சொன்ன எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். பின்னாளில் வெளிநாடு போய்ச் சேர்ந்த வரதராஜா, அது கட்டாயத்தின் பேரில் சொன்னது என்றார். மருந்தில்லாமல் வெட்டிய கை, கால்களின் நினைவு ஒரு பக்கம். தன் வாயாலேயே தன் சாட்சியத்தை அழிக்கவைத்தது இன்னொரு பக்கம். இரண்டாவது எந்த அளவுகோலிலும் அடங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அளவுகோலும் உண்டு

வலிக்கு மார்க் கேட்பதுபோல அறக்காயத்துக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் 2020இல் மருத்துவப் பணியாளர்களுக்காக வந்தது. துரோகம், குற்ற உணர்ச்சி, வெட்கம், நம்பிக்கை இழப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை. மொத்தம் நூற்றுக்கு.

42 ஆண்டுப் பணிவிடை

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று அங்கே வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளியால் தாக்கப்பட்டார். சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை சிதைந்தது. குற்றவாளிக்குக் கிடைத்தது ஏழாண்டு சிறை. அருணாவுக்கு 2015 மே 18 வரை அதே ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை.

உணவூட்டலை நிறுத்தி அவரைப் போகவிடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். நர்ஸ்கள் எதிர்த்தார்கள். எத்தனையோ ஷிஃப்ட் மாறி, பார்த்தவர்கள் ஓய்வு பெற்று, புதியவர்கள் வந்தும் அருணாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. நீதிமன்றமே அதைக் குறிப்பிட்டுப் பாராட்டி, அவர் சார்பில் பேசும் உரிமை அந்த ஊழியர்களுக்கே என்றது. 2011 மார்ச் 7 தீர்ப்பு மனுவைத் தள்ளியது. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையைக் கட்டுப்பாடுகளோடு நிறுத்த அதே தீர்ப்புதான் இந்தியாவில் வழி திறந்தது.

விரானியின் கேள்வியும் லேசானதல்ல. அருணா அதை விரும்பியிருப்பாரா? நர்ஸ்கள் காத்தது அருணாவையா, தங்களில் ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போனதன் நினைவையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். தவறென்று சொல்லத் தோன்றவில்லை.

உறுதிமொழியில் ஒரு புது வரி

டாக்டர்கள் எடுக்கும் ஜெனிவா பிரகடனம் 1948இல் எழுதப்பட்டது. நோயாளி, ஆசிரியர், சக மருத்துவர் எல்லாரும் அதில் உண்டு. டாக்டரின் சொந்த உடம்பும் மனசும் இல்லை. 2017இல் சிகாகோவில் கூடித் திருத்தியபோதுதான், தரமான சிகிச்சை தருவதற்காகத் தன் நலனையும் கவனித்துக்கொள்வேன் என்ற வரி சேர்ந்தது. கிட்டத்தட்ட எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. நம் ஊரில் உறுதிமொழி செய்தியானது 2022இல். மதுரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சரகர் பெயரிலான உறுதிமொழியை வாசித்ததற்காக டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய், சில நாளில் திரும்பினார். எந்த உறுதிமொழி என்று டி.வி.யில் வாரக் கணக்கில் விவாதித்தார்கள். எதுவானாலும் அதைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் ஆளும் மருந்தும் இருக்கிறதா என்ற பேச்சு எழவில்லை.

பேச ஒரு மணி நேரம்

பாஸ்டன் வக்கீல் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்துப் பேசிய நர்ஸ்கள், டாக்டர்களின் பரிவை நினைத்து, சாகுமுன் ஓர் அமைப்புக்கு வித்திட்டார். அதன் பெயரில் 1997 முதல் நடக்கும் கூட்டங்களில் டாக்டர், நர்ஸ், சமையல்காரர், வாசல் காவலர் எல்லாரும் சமமாக உட்கார்ந்து மனதை அரித்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்கள். தீர்வு சொல்லக் கூடாது என்பது விதி. நம் ஆஸ்பத்திரிகளில் டீனும் ஆயாவும் ஒரே வட்டத்தில் உட்கார்வதைக் கற்பனை செய்துதான் பார்க்க முடிகிறது.

எத்தனை மணி நேரம்?

1984இல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் இறந்ததும், தூக்கமில்லாத பயிற்சி டாக்டர்கள்தான் காரணம் என்று அவருடைய தந்தை போராடினார். 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தது.

இந்தியா அதையும் மிஞ்சியது, தாளில். உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலில் மத்திய அரசு 1992 ஜூனில் வகுத்த விதியின்படி பி.ஜி. டாக்டர்களுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது. 2024இல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, அவர்கள் நலனை எண்ணிப் பரிந்துரைத்தது: வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாமல்.